ஒன்பதாவது

எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. திரையில் மேலிருந்து கீழாகப் பதினேழு வரி, பதினேழு பச்சை டிக், மருந்துக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை. அப்புறம் ஏன் மனசு ஒப்பவில்லை என்று பூங்கோதை மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதத்தைச் சந்தேகப்பட்டுப் பார்த்தாள். தயிர்சாதம் பாவம், அது என்ன செய்யும். மணி இரண்டே கால். கோயம்புத்தூர் காளப்பட்டிச் சாலையில் நாலாவது மாடி, ஏசி சரியாக உச்சந்தலைக்கு நேரே ஊதும் இருக்கை, பன்னிரண்டு வருடமாக அதே இருக்கை. மாற்றிக் கேட்டால் தருவார்கள், கேட்டதில்லை. வாயைத் திறந்து ஒன்றைக் கேட்பது அவளுக்கு எப்போதுமே மலையைப் புரட்டுகிற வேலை. இப்போது கண் பதினான்காவது வரியில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. ‘போர்டு: முடிந்தது. நான்கு நிமிடம்.’ நேற்றுவரை அந்த வரி பதினொரு நிமிடம் எடுக்கும். பதினொரு நிமிடத்தில் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அந்த ஆபீஸில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள், ‘போர்டு டீ’ என்றே அதற்குப் பெயர். இன்று பன்னிரண்டு மணிக்கு ஓட்டியபோது லிஃப்ட் வருவதற்குள் முடிந்துவிட்டது. “அக்கா, கலக்கிட்டீங்க, ஆனா எங்க டீயில கை வெச்சுட்டீங்களே” என்று பக்கத்து இருக்கை மிருதுளா சிரித்தாள். இவளும் சிரித்தாள். ஏழு நிமிடம் எங்கே போனது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, அப்போது இவளும் கேட்கவில்லை.

தன் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்குகிற முயற்சியை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். ஒரு கல்யாண வீட்டில் தெரியாத்தனமாக “ஜெனரேட்டர்ல வேலைங்க” என்று சொல்லப்போக, அன்றிலிருந்து பொங்கலூர்ப் பெரியப்பா கரண்ட் போகும்போதெல்லாம் போன் செய்கிறார். இது வேறு ஜெனரேட்டர். அவர்கள் கம்பெனி நூற்பாலை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறது. ஒரே மென்பொருள் மூன்று இடத்தில் குடியிருக்க வேண்டும்: சூப்பர்வைசர் மேசையில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர், மில் ஆபீஸில் இருக்கும் லினக்ஸ் பெட்டி, இயந்திரத்துக்குள்ளேயே திருகி வைத்திருக்கும் உள்ளங்கை அகலப் போர்டு. மூன்றுக்கும் மூன்று ஜெனரேட்டர்; எந்தக் கோப்பு எங்கே, எந்தக் கம்பைலர் எதற்கு என்று வேண்டியதையெல்லாம் எடுத்து அடுக்கிக்கொடுக்கிற சின்ன நிரல்கள். கம்பைலர் என்பது மனிதர் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது. அடுக்க ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு ஜெனரேட்டரும் ஒரு கேள்வி கேட்கும்: கம்பைலர் இருக்கா, இருந்தால் எந்த வெர்ஷன்? அந்த ஒரே கேள்வியை ஒன்பது வருடத்தில் மூன்று பேர் மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்து, காப்பியடித்ததில் ஆளுக்கொரு கை உப்பு போட்டு. பூங்கோதைக்கு அது கண்ணை உறுத்தியது. வீட்டிலும் அப்படித்தான். வெளியே கிளம்பும்போது கேஸ் மூடியாச்சா என்று புருஷன் ஒரு தரம் போய்ப் பார்ப்பார், மகள் ஒரு தரம், கடைசியில் இவள் ஒரு தரம். எரிச்சலாகி, “ஒரு ஆள் பார்த்தாப் போதும், அது நான்” என்று சட்டம் போட்டாள். அதே சட்டத்தை ஆபீஸிலும் போட்டாள். பன்னிரண்டு நாள் உட்கார்ந்து மூன்று கேள்வியையும் பிரித்து, சுத்தம் செய்து, மூன்று ஜெனரேட்டருக்கும் பொதுவாக ஒரே கேள்வியாக்கினாள். இன்று காலை மீட்டிங்கில் மேனேஜர் ரகுநந்தன் “நானூறு வரி கம்மியாயிருக்கு, கைதட்டுங்கப்பா” என்றார். தட்டினார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். காலையில் கேஸை மூடினாளா? மூடியிருப்பாள். மூடினாள் என்பது வேறு, மூடியிருப்பாள் என்பது வேறு. இப்போது கேஸைப் பற்றி எதற்கு நினைப்பு, பதினான்காவது வரியைப் பார்.

பார்த்தாள். சொடுக்கினால் உள்ளே நூற்றைம்பது வரி ஓடும், யாரும் படிப்பதில்லை, பச்சை விழுந்தபிறகு உள்ளே எதற்குப் போவது. மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாள். ‘கம்பைலர் இருக்கிறது. வெர்ஷன் 10.’ அந்த இடத்தில் எப்போதும் ஒன்பதுதான் இருக்கும். ஏழு நிமிடம் எங்கே போனது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. போன மாதம் புது சர்வர் வாங்கினார்கள், அதில் பத்தாவது வெர்ஷன். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் இரைந்துகொண்டு கிடக்கிறதே பழைய சர்வர், அதில் ஒன்பதாவது. இதுவரை போர்டு ஜெனரேட்டர் முதலில் புது சர்வரை எட்டிப்பார்க்கும், கேள்வி கேட்கும், பத்து என்று பதில் வந்ததும் இது ஆகாது என்று திரும்பி மாடிப்படிக்குக் கீழே போய் வேலையை முடித்துக்கொண்டு வரும். இன்று அவளுடைய புதுக் கேள்வி ஒன்பதோ அதற்கு மேலோ எதுவானாலும் சரி என்று தலையாட்டிவிட்டது. தலையாட்டச் சொன்னது அவள்தான். விண்டோஸ் பக்கத்தில் ஒன்பதோ அதற்கு மேலோ என்று இருந்தது, லினக்ஸ் பக்கத்திலும் அப்படியே, போர்டு பக்கத்தில் மட்டும் ஒன்பது, அவ்வளவுதான். அதற்கு மேலே ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ், மூன்று வருடம் முன்பு வேலையை விட்டுப்போன தேவசகாயம் அண்ணா எழுதியது: ‘ஒன்பதாவது இருக்கணும்.’ படித்ததும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பாரேன் இந்த மனுஷனை, ஒன்பதாவது இருக்கணும் என்று வாயால் சொல்லிவிட்டு, கீழே ஒன்பது மட்டும் என்று எழுதிவைத்திருக்கிறார், கை தவறிவிட்டது. திருத்தினாள். பெரிய மனசோடு, யாரிடமும் சொல்லாமல், அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு திருத்தினாள்.

ஒன்பதாவது இருக்கணும். உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள். ஒன்பதாவது இருக்கணும், அதாவது குறைந்தது ஒன்பது, எட்டு என்றால் போதாது, பத்து பதினொன்று என்றால் இன்னும் நல்லது. பந்திக்கு ஐம்பது இலையாவது வேணும் என்கிறோமே, அந்த ஆவது. இன்னொரு தரம் சொன்னாள். ஒன்பதாவது இருக்கணும், எட்டாவதும் இல்லை பத்தாவதும் இல்லை, வரிசையில் ஒன்பதாவதாக எது வந்ததோ அது. நாலாவது மாடி என்கிறோமே, அந்த ஆவது. லிஃப்ட்டில் நாலாவது மாடியை அமுக்குகிறவன் குறைந்தது நாலு மாடி போனால் போதும் என்று அமுக்குவதில்லை. கடவுளே, யாழினி ஒன்பதாவது படிக்கிறாள். பெற்ற மகள். இன்று காலைகூட “ஒன்பதாவது வந்தாச்சு, இன்னும் நானேதான் தலை பின்னிவிடணுமா” என்று இவள்தான் அவளிடம் கத்தினாள். அந்த வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தரம் விழுகிற சொல், ஒருவருக்கும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வாயால் சொன்னால் தெரிந்துவிடும், குரல் ஓரிடத்தில் அழுத்தும், முகம் ஒன்று காட்டும். எழுதிவைத்தால் இரண்டும் ஒரே எழுத்து. “என்னக்கா, ஒம்பது ஒம்பதுன்னு?” என்றாள் மிருதுளா. சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. “ஒண்ணுமில்ல, யாழினி ஸ்கூல் விஷயம்” என்றாள். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய். இன்னொன்றும் சுலபமாகத்தான் வந்தது, அதையும் ஒத்துக்கொண்டுவிட வேண்டியதுதான்: அவளுக்கு அந்த முதல் அர்த்தம் வேண்டியிருந்தது. ஒன்பது மட்டும் என்று இருந்தால் மூன்று கேள்வியும் ஒன்றாக ஒட்டாது, போர்டுக்கென்று ஒரு துருத்தல் நிற்கும். குறைந்தது ஒன்பது என்றால் வழவழவென்று ஒட்டிவிடும். அந்த வழவழப்புக்கு ஆசைப்பட்டாள். அதற்குத் தோதாகப் படித்தாள்.

சரி, பத்துதான் என்றே வைத்துக்கொள்வோம், பத்தில் என்ன கெட்டுப்போயிற்று? மற்ற இரண்டும் பத்தில்தான் ஓடுகின்றன. சோதனைகள் எல்லாம் பச்சை. சோதனைகள் பச்சை, சோதனைகள் பச்சை என்று மூன்று தரம் சொல்லிக்கொண்டாள், மூன்றாவது தரம் சொல்லும்போது தேவசகாயம் அண்ணாவின் குரல் குறுக்கே வந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய குரல். இதே மாடி, அந்தக் கண்ணாடி அறை, புரொஜக்டர் வெளிச்சத்தில் அவர் நரைத்த மீசை நீலமாகத் தெரிந்தது. நாகர்கோவில்காரர், பதினாறு வருட சர்வீஸ், போர்டைக் கையில் எடுத்தால் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்குவார், அதற்கே சின்னப் பையன்கள் சிரிப்பார்கள். எல்லாவற்றையும் பத்துக்கு மாற்றிவிடலாம் என்று அன்று பேச்சு. அவர் எழுந்து நின்று சொன்னார்: “பத்தாவது ரொம்பக் கெட்டிக்காரன். அதுதான் எனக்குப் பயம்.” எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்: “சிரிக்காதீங்க. சும்மா இருக்கதப் பாத்தா அதுக்குப் பொறுக்காது. நம்ம கதவு இருக்குல்லா, அந்தக் கதவு...” அங்கேதான் ரகுநந்தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “அண்ணே, கதவு அப்புறம். லஞ்ச் டைம்.” நாற்காலிகள் நகர்ந்தன. அண்ணா நின்றபடியே இருந்தார், வாய் அந்தச் சொல்லின் பாதியில் திறந்திருந்தது. அவர் கண் அறையைச் சுற்றி வந்து பூங்கோதையிடம் ஒரு நொடி நின்றது. அவள் தொண்டை வரை வந்தது. அவர் முடிக்கட்டும். இரண்டே வார்த்தை, அதற்குப் பெரிய தைரியம்கூட வேண்டாம், மரியாதை இருந்தால் போதும். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதன்பிறகு எதற்கெடுத்தாலும் ‘கதவு அண்ணே’ என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்ப் பாலிடெக்னிக்கில் வாத்தியாராகச் சேர்ந்துவிட்டார். வழியனுப்ப வாங்கிய அட்டையில் இவள் ‘வாழ்த்துகள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாம். அப்புறம் ஒரு போனாவது செய்திருக்கலாம். இதோ, இதுவும் ஆவதுதான், இந்த ஆவதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகமே வரவில்லை.

நம்ம கதவு இருக்குல்லா. எந்தக் கதவு? ஒரு கதவுதான் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் உடுமலைப் பக்கம் ஒரு மில்லுக்கு அவளைக் கூட்டிப்போனார்கள், எழுதுகிறவர்கள் இயந்திரத்தையும் பார்க்கட்டும் என்று. கட்டிக்கட்டியாக வரும் பஞ்சைப் பிய்த்து உதறும் இயந்திரம். உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு உருளை, உடம்பெல்லாம் இரும்பு முள். பஞ்சு சிக்கிக்கொண்டால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், கரண்ட் நிற்கும், ஆனால் உருளை உடனே நிற்காது, தன் கனத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது ஓய்கிறவரை கதவுப் பூட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது போர்டின் வேலை. ஓய்ந்ததும் பூட்டு ‘டிக்’ என்று விடும். அங்கே வேலை பார்த்த அக்கா ஒருத்தி, முத்தரசி என்று பெயர், மூக்குத்தியில் பஞ்சு ஒட்டியிருந்தது, பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பிடியில் கையை வைத்தபடி இவளிடம் பேசிக்கொண்டே நின்றாள். உள்ளே பார்க்கக்கூட இல்லை. “உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?” என்று கேட்டாள். “ஒண்ணுங்க” என்பதற்குள் டிக் என்றது, அந்த ஓசையும் அவள் கை உள்ளே போனதும் ஒரே நேரம். முழங்கை வரை உள்ளே விட்டுச் சிக்கலை இழுத்துப் போட்டாள். “உள்ள பார்த்துட்டுக் கை விடமாட்டீங்களா?” என்று பூங்கோதை பதறியபோது அவள் சிரித்தாள். “அதுதான் டிக்குனு சொல்லிப்போடுதில்லீங்க, அப்பறம் என்னத்தைப் பார்க்கறது?” திரும்பி வரும்போது காரில் எல்லாரும் அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள், நம்ம மென்பொருள்மேல் எவ்வளவு நம்பிக்கை பார் என்று. நம்பிக்கை. இப்போது அந்தக் கை பூங்கோதையின் கண்ணை விட்டுப் போகவில்லை. முழங்கை வரை. சோதனைகள் பச்சை, ஆமாம் பச்சை, ஆனால் சோதனைகளில் கதவு கிடையாது. கதவு மில்லில்தான் இருக்கிறது.

மில்லுக்கு இன்று ஆள் போயிருக்கிறது. அதை இவ்வளவு நேரம் நினைக்காமல் இருப்பதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருந்தாள். சம்பத் பன்னிரண்டரைக்கே புது மென்பொருளை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான், அதே மில், மூன்று மணிக்கு ஷிப்ட் மாறுவதற்கு முன் அரை மணி நேரம் இயந்திரத்தை நிறுத்தித் தருவார்கள், அதற்குள் போர்டில் ஏற்றிவிடுவான். மணி இரண்டு நாற்பத்தொன்று. போனை எடுத்தாள், வைத்தாள். என்ன சொல்வது? சம்பத், ஒரு சொல்லுக்கு எனக்கு அர்த்தம் சரியாகத் தெரியவில்லை, அதனால் நிறுத்துங்கள். அவன் ரகு சாருக்குப் போன் செய்வான். ரகு சார் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப்பார்ப்பார். காலையில் கைதட்டியவர்கள் நாளைக் காலையில் ‘ஒன்பதாவது அக்கா’ என்பார்கள், கதவு அண்ணே போய் இப்போது ஒன்பதாவது அக்கா. ஒருவேளை அவர் குறைந்தது ஒன்பது என்றே எழுதியிருந்தால்? அப்படியும் இருக்கலாம், மனிதன்தானே, கை தவறாதா. இருக்கலாம். இருக்கும். இருந்துவிட்டால் நன்றாக இருக்கும். முத்தரசி இன்றைக்கு எந்த ஷிப்ட்? முத்தரசி இல்லாவிட்டால் இன்னொருத்தி, கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நிற்பாள். கேஸை மூடினேனா இல்லையா என்று தெரியாவிட்டால் என்ன செய்வோம், திரும்பிப் போய்த்தானே பார்ப்போம், பஸ்ஸை விட்டு இறங்கியாவது போவோமே, எதிர்வீட்டுக்காரி சிரிப்பாள் என்றா பார்ப்போம்? இரண்டு நாற்பத்து மூன்று. நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

எழுந்து மாடிப்படிப் பக்கம் போய் சம்பத்தைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது தரம் அடிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது, அந்த மில்லில் போனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், அன்று இவளுடையதையும் வாங்கினார்கள். வாசல். ஓடிவந்து மேசை இழுப்பறையைக் கவிழ்க்காத குறையாகக் கிளறினாள். எதையும் தூக்கிப்போடாத பழக்கத்துக்காக வீட்டில் எத்தனை பேச்சு வாங்கியிருக்கிறாள், இரண்டு வருடத்துக்கு முந்தைய கேட் பாஸ் அடியில் கிடந்தது, அதில் வாசல் போன் எண், மறுபடி மாடிப்படிக்கு ஓடி அடித்தாள். “ஆருங்க?” என்றது ஒரு கிழட்டுக் குரல். “கோயமுத்தூர்ல இருந்து சம்பத்துன்னு ஒருத்தர் வந்திருக்காருங்க, அவசரமாக் கூப்பிடணுமுங்க.” “ஷிப்ட் மாறற நேரமுங்கம்மா, உள்ள ஆரையும்...” “ஐயா, அவர் பண்ற வேலைய அப்பிடியே நிறுத்தச் சொல்லுங்க. மெஷின் கதவை ஆரும் தொறக்க வேண்டாம்னு சொல்லுங்க. கை போயிருமுங்க!” கடைசி இரண்டு சொல் அவளை மீறி வந்தது, மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த இருவர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். “இருங்க” என்றது குரல். ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம், செருப்புச் சத்தம், லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. செய்வதற்கும் ஒன்றுமில்லை. எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எதற்காக எண்ணுகிறோம் என்று தெரியாது, எண்ணினால் எதுவும் நடந்துவிடப்போவதில்லை, ஆனால் எண்ணாமல் அந்த இடத்தில் நிற்க முடியாது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. நூறைத் தாண்டியபோது அழுகை வந்தது, அழுதால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்று அழாமல் எண்ணினாள். இருநூற்றுப் பதினெட்டில் மூச்சிரைப்பு கேட்டது. “சொல்லுங்க்கா, சம்பத்துங்க.” “நிறுத்துங்க.” “நிறுத்திட்டனுங்க. பாதி ஏத்தியிருந்தனுங்க, தாத்தா வந்து கத்துன கத்துல வயரையே புடுங்கிட்டன். என்னாச்சுங்க்கா?” “பழசையே திருப்பிப் போடுங்க. அது முடியற வரைக்கும் ஆரையும் கதவுகிட்ட விடாதீங்க.” “ரகு சார் கேட்டா என்னங்க்கா சொல்றது?” “தப்பு பூங்கோதையோடதுன்னு சொல்லுங்க.” சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை, உள்ளே ஏசி அதே இடத்தில் ஊதிக்கொண்டிருந்தது.

ஆனால் தப்பா? நிறுத்திய பிறகுதான் அடுத்த பயம் வந்தது. ஒன்றுமே இல்லாததற்கு ஒரு மில்லை நிறுத்திவைத்திருந்தால்? பாதிச் சொல்லையும் பழைய பாவத்தையும் வைத்து அவளே கட்டிக்கொண்ட கதையாக இருந்தால்? தேவசகாயம் அண்ணாவின் எண் போனில் அப்படியே இருந்தது, மூன்று வருடமாகப் பட்டியலில் ‘தே’ வரும்போதெல்லாம் சட்டென்று மேலே தள்ளிவிடுவாள். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார். “அண்ணா, நான் பூங்கோதை.” “தெரியுது. நம்பரு இருக்குல்லா. சொல்லும்மா.” பின்னால் பையன்களின் இரைச்சல், ஏதோ லேப் போலிருக்கிறது. நலம் விசாரிக்க வேண்டும், மூன்று வருடம் ஆயிற்று, நேரே விஷயத்துக்குப் போய்விட்டாள். “போர்டு ஜெனரேட்டர்ல ஒரு குறிப்பு எழுதி வெச்சிருந்தீங்கண்ணா. ஒன்பதாவது இருக்கணும்னு. அதுக்கு என்ன...” அவர் முடிக்க விடவில்லை. “மெஷின்ல ஏத்தியாச்சா?”

அவ்வளவுதான் கேட்டார். அவளுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தாள். “இல்லீங்கண்ணா. பாதியில நிறுத்திட்டேன்.” அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம், அவரும் உட்கார்ந்தார். பிறகு, அன்று லஞ்சுக்குப் போய்விட்டு இப்போதுதான் எல்லாரும் திரும்பி வந்தது போல, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். “நம்ம கதவு இருக்குல்லா, அதோட பூட்டு ஒரு எண்ணிக்கையிலதான் நிக்கி. நாப்பது செகண்டு போர்டு சும்மா எண்ணும், ஒண்ணு ரெண்டு மூணுன்னு, வேற ஒண்ணுஞ் செய்யாது. அதுக்குள்ள உருளை நின்னுரும். ஒன்பதாவது அத அப்படியே விட்டுரும். பத்தாவது பாத்துச்சுன்னா, எதுக்குல வெட்டியா எண்ணுகன்னு தூக்கிப் போட்டுரும். பொத்தானை அமுக்கின ஒடனே டிக்குன்னு தொறந்திரும். கடிகாரம் வெச்சுத் திருத்தி எழுதணும்னு கேட்டேன். மூணு மாசம் கேட்டேன். தரல. அதனாலதான் ஒன்பதோட ஆணி அடிச்சு வெச்சுட்டு வந்தேன்.” அவள் நெற்றியைச் சுவரில் சாய்த்தாள். சுவர் சில்லென்று இருந்தது. எதுவும் செய்யாமல் எண்ணிக்கொண்டிருப்பது, இப்போதுதான் அவளும் செய்த வேலை. “அண்ணா” என்றாள், “அன்னிக்கு மீட்டிங்ல நான் ஒரு வார்த்தையாவது...” பரவாயில்லை விடும்மா என்பார் என்று எதிர்பார்த்தாள், அப்படிச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. “சொல்லியிருக்கலாம்” என்றார் தேவசகாயம்.

“ம்” என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அண்ணா, வெச்சிராதீங்க. அஞ்சு நிமிஷம். கிளாஸ் இருக்குதுங்களா?” “இருக்கு. பரவால்ல, பயலுவ சத்தம் போடட்டும்.” போனைக் காதிலிருந்து எடுக்காமல் கண்ணாடி அறை வரை நடந்தாள், மிருதுளா எதையோ கேட்டாள், காதில் விழவில்லை. உள்ளே ரகுநந்தன் இன்னும் நான்கு பேரோடு உட்கார்ந்திருந்தார், அவருடைய போன் அப்போதுதான் மேசையில் அதிர ஆரம்பித்திருந்தது, திரையில் சம்பத் பெயர். கதவைத் தட்டினாளா என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை. தன் போனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரை அமுக்கினாள். “என்னம்மா இது, மீட்டிங் நடக்குது, மணி மூணாகப் போகுது” என்று ரகுநந்தன் கடிகாரத்தைத் தட்டினார்.

“தேவசகாயம் அண்ணா லைன்ல இருக்காருங்க சார்” என்றாள் பூங்கோதை. “அவர் முடிக்கட்டும்.”